மாதம் 58 டாலர்: அமெரிக்கப் புறநகர் வீடுகள் விற்கப்பட்ட விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றிய படத்தொகுப்பு எதைப் புரட்டினாலும் வானிலிருந்து எடுத்த ஒரு படம் அதில் இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மாதிரிக் கூரைகள், ஒரே அளவு புல்வெளிகள், வளைந்து போகும் தெருக்கள். இவற்றை டிராக்ட் வீடுகள் என்பார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் வயலையோ மேய்ச்சல் நிலத்தையோ ஒரே பில்டர் நூற்றுக்கணக்கான ஏக்கராக வாங்குவார். மனை பிரிப்பது, தெருப் போடுவது, வீடு கட்டுவது, விற்பது எல்லாம் அவரே. கையில் இரண்டு மூன்று வரைபடங்கள்தான் இருக்கும்; அவற்றை வைத்து ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பும். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் பூங்காவுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டால் அது திட்டமிட்ட குடியிருப்பு.

இந்த வீடுகளை எப்படி அவ்வளவு வேகமாகக் கட்டினார்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எப்படி விற்றார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் லெவிட் குடும்பத்தின் நிறுவனம் எழுப்பிய லெவிட்டவுனில் 1947க்கும் 1951க்கும் இடையே 17,447 வீடுகள் கட்டப்பட்டன. அத்தனை வீட்டுக்கும் குடும்பங்கள் வேண்டும். நேற்று வரை உருளைக்கிழங்கு விளைந்த நிலத்துக்கு, நிழலுக்கு ஒரு மரமில்லாத இடத்துக்கு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊருக்கு அவர்கள் வர வேண்டும். வந்தார்கள், வரிசையில் நின்று வந்தார்கள்.

வீட்டுப் பஞ்சம் ஒரு காரணம். பொருளாதாரப் பெருமந்தத்திலும் போரிலும் பதினைந்து ஆண்டுகள் வீடு கட்டும் தொழில் படுத்துக் கிடந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் படையிலிருந்து திரும்பினார்கள், திருமணம் செய்துகொண்டார்கள், குழந்தை பெற்றார்கள். பெற்றோர் வீட்டு உள்ளறையில் பல தம்பதிகள் ஒண்டிக் குடித்தனம் நடத்தினார்கள். சிகாகோவில் ஓடி ஓய்ந்த 250 டிராம் பெட்டிகளை வீடாக்கிக்கொள்ளச் சொல்லி விற்றார்கள். 1944இல் நாடு முழுவதும் கட்டத் தொடங்கிய தனி வீடுகள் ஒரு லட்சத்துச் சொச்சம். 1950இல் அதுவே ஏறக்குறைய 17 லட்சம்.

ஆனால் வீடு தேவைப்படுகிறவர் எல்லாரும் வீடு வாங்கக்கூடியவர் அல்ல. அந்த இடைவெளியை நிரப்பியது கடன். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கால விளம்பரம் ஒன்றையும் படிக்க முடியாது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

1930களுக்கு முன் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குவது கடினம். விலையில் பாதியைக்கூட முன்பணமாகக் கேட்பார்கள். மீதியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டிவந்து, தவணை முடியும்போது அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது கடனைப் புதுப்பிக்க வேண்டும். பெருமந்தத்தில் புதுப்பிக்க ஆளில்லாமல் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகு 1934இல் கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகம் அமைந்தது. அது நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுத்த கடன் திரும்பாவிட்டால் இழப்பை ஈடு செய்வதாக உறுதி தந்தது. 1944இல் வந்த படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் ஒரு படி மேலே போனது: போரிலிருந்து திரும்பியவருடைய கடனுக்கு அரசே உத்தரவாதம். முன்பணம் இல்லாமலே வங்கி கடன் தரலாம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் திருப்பிக் கட்டலாம்.

நீண்ட தவணை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. 8,000 டாலரை 4 சதவீத வட்டியில் வாங்கிப் பத்து ஆண்டுகளில் கட்டினால் மாதம் 81 டாலர் ஆகும். அதே கடனை முப்பது ஆண்டுகளுக்கு நீட்டினால், வரியும் காப்பீடும் சேர்க்காமல், மாதம் 38 டாலர்தான். முப்பது ஆண்டுகளில் மொத்தமாகக் கட்டும் தொகை 13,700 டாலரைத் தாண்டும். பத்து ஆண்டுக் கணக்கில் 9,700 டாலரோடு முடிந்துவிடும். ஆனால் மாதச் சம்பளக்காரர் முதலில் பார்ப்பது இந்த மாதம் கையை விட்டுப் போகும் தொகையை. பில்டர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்தது மாதத் தவணை. வீட்டின் விலை இரண்டாவது இடத்துக்குப் போனது.

லெவிட்டவுனின் 1949ஆம் ஆண்டு மாடல் வீட்டின் விலை 7,990 டாலர். எட்டாயிரத்துக்குப் பத்து குறைவு. படைவீரர்களுக்கான விளம்பரம் முன்வைத்ததோ மாதம் 58 டாலர் என்ற எண்ணை. நீங்கள் அதிர்ஷ்டசாலி, அரசாங்கமும் உலகின் மிகப்பெரிய பில்டரும் சேர்ந்து உங்களுக்கு இதைச் சாத்தியமாக்கியிருக்கிறார்கள் என்ற பொருளில் அது பேசியது. அரசாங்கத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டது அந்த பில்டரின் சாமர்த்தியம். அது உண்மையும்கூட. அன்றைய அமெரிக்கக் குடும்பத்தின் நடுத்தர ஆண்டு வருமானம் 3,100 டாலர் அளவு, அதாவது மாதம் 260 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 58 என்பது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நகரத்தில் இரண்டறை வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்த வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

விற்பனை தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில் மக்கள் அலுவலகத்தின் முன் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஒரே நாளில் 1,400 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்த எண்ணிக்கை சாத்தியமானதற்குத் தாள் வேலையைக் குறைத்ததும் காரணம். வழக்கமாக வீடு வாங்குகிறவர் வக்கீல், வங்கி, பதிவு அலுவலகம் என்று அலைந்து, ஒவ்வொரு படியிலும் தனித்தனிக் கட்டணம் கட்ட வேண்டும். லெவிட் குடும்பம் அத்தனையையும் தன் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. மறைமுகச் செலவு எதுவும் கிடையாது என்று அறிவித்தது. வாங்குகிறவரின் வேலை அரை மணி நேரச் சந்திப்பு இரண்டோடு முடிந்தது. விளம்பரத்தின் சொற்களைவிட இந்த எளிமைதான் பெரிய விற்பனை உத்தி என்பேன். பணம் குறைவாக உள்ளவருக்கு வீட்டின் விலை பற்றிய பயத்தைப் போலவே, எங்கே என்ன கேட்பார்களோ என்ற பயமும் உண்டு.

நிறுவனத்தின் தலைவர் வில்லியம் லெவிட்டின் கெட்டிக்காரத்தனம் முதல் வீடு எழும்புவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நிலத்தைத் தோண்டி நிலவறை அமைக்காமல், காங்கிரீட் தளத்தின் மேலேயே வீட்டை எழுப்பினால் செலவும் நாளும் மிச்சமாகும். ஹெம்ப்ஸ்டெட் நகராட்சியின் கட்டட விதி அதற்கு இடம் தரவில்லை. 1947 மே மாதம் விதியைத் திருத்துவது பற்றிய கூட்டம் நடந்தபோது, வீடில்லாத படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தினரும் திரண்டு வந்தார்கள். நியூஸ்டே செய்தித்தாள் லெவிட்டின் திட்டத்துக்கு ஆதரவாக எழுதிவந்தது. விதி மாறியது. வாடிக்கையாளர்களே தங்கள் பொருளுக்காக வாதாடிய இந்த நிகழ்ச்சிக்கு ஈடான விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அந்த இடத்தின் பழைய பெயர் ஐலண்ட் ட்ரீஸ். 1948 தொடக்கத்தில் அதை லெவிட்டவுன் என்று மாற்றினார்கள். அதன் பிறகு ஊரைப் பற்றி வந்த ஒவ்வொரு செய்தியும் நிறுவனத்தின் பெயரைச் சொன்னது. 1950 ஜூலையில் டைம் இதழின் அட்டையில் வில்லியம் லெவிட்டின் முகம் வந்தது.

மாதிரி வீடு

இந்தத் தொழிலின் இதயம் மாதிரி வீடு. கட்டப்போகும் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு வீட்டை முதலிலேயே கட்டி, சோபா, கட்டில், திரைச்சீலை, விளக்கு வரை பொருத்தி, வாசலில் புல்வெளி பதித்துத் திறந்துவைப்பார்கள். பெரும்பாலும் உள்ளூர் அறைகலன் கடையோடு ஏற்பாடு இருக்கும். சாமான் அவர்களுடையது, பெயர்ப் பலகையும் அவர்களுடையது. நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்படி கொடிகள் பறக்கும். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் வீட்டுமனைப் பக்கத்தில் வழி சொல்லும் சிறு வரைபடம் இருக்கும். குடும்பத்தோடு காரில் போய் மாதிரி வீடு பார்ப்பது அந்தக் காலத்தில் செலவில்லாத ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

வரைபடத்தைப் பார்த்துக் கட்டடத்தைக் கற்பனை செய்ய எல்லாராலும் முடியாது. நடுக்கூடத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்தால், எங்கே சாப்பாட்டு மேசை போடுவது என்று மனம் தானாகவே கணக்குப் போடும். விற்பனையாளர் அதிகம் பேசத் தேவையில்லை.

1950 ஏப்ரலில், குருத்தோலை ஞாயிறன்று, லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே லேக்வுட்டில் விற்பனை அலுவலகம் திறந்தபோது சுமார் 25,000 பேர் வந்தார்கள். லூயிஸ் போயர், மார்க் டேப்பர், பென் வைன்கார்ட் என்ற மூவர் 3,500 ஏக்கர் விளைநிலத்தை வாங்கி, மூன்றே ஆண்டுகளில் 17,500 வீடுகளைக் கட்டிய திட்டம் அது. அருகில் லாங் பீச்சில் டக்ளஸ் விமானத் தொழிற்சாலை, வேலைக்குப் பஞ்சமில்லை. அன்று வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தயாராக இருந்த மாதிரி வீடுகளின் வரிசையில் நடந்தார்கள். அவர்களில் பலர் வாங்கப்போன வீடு அப்போது வெறும் மனையாகத்தான் இருந்தது.

உள்ளே என்ன காட்டினார்கள் என்பதும் முக்கியம். லேக்வுட் சமையலறையில் துருப்பிடிக்காத எஃகில் இரட்டைத் தொட்டி. அதற்கடியில் காய்கறிக் கழிவை அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் மின்கருவி. லெவிட்டவுன் வீட்டில் பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின் விலையோடு சேர்ந்தே வரும். 1950ஆம் ஆண்டு மாடலில் மாடிப்படியின் பக்கச் சுவரில் அட்மிரல் தொலைக்காட்சிப் பெட்டியைப் பதித்தே கொடுத்தார்கள். தொலைக்காட்சியைத் தனியாக வாங்கினால் தனித் தவணை. சுவரோடு பதித்துவிட்டால் அது வீட்டின் ஒரு பகுதி. வீட்டுக் கடனில் அடங்கிவிடும், மாதத்துக்குச் சில காசுகள்தான் கூடும். அந்தப் பெட்டி பழுதாகித் தூக்கிப் போட்ட பிறகும் பல ஆண்டுகள் அதற்குப் பணம் கட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மின்கருவி நிறுவனங்களுக்கும் இதில் ஆதாயம். ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் போன்றவையும் மின் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 1950களின் பிற்பாதியில் ‘மெடாலியன் வீடு’ என்ற இயக்கத்தை நடத்தின. குறிப்பிட்ட அளவு மின்வசதியும் கருவிகளும் உள்ள வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பதக்கம். வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரத்தாலேயே என்றால் தங்கப் பதக்கம். பில்டருக்கு விளம்பரத்தில் பக்கபலம் கிடைத்தது, மின் நிறுவனத்துக்குப் பல்லாண்டு வாடிக்கையாளர் கிடைத்தார்.

மாதிரி வீட்டின் செல்வாக்கு எதுவரை போனது என்றால், 1959இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் லாங் ஐலண்ட் பில்டர் ஒருவரின் வீட்டையே நிறுத்தினார்கள். கூட்டம் நடந்து பார்ப்பதற்காக வீட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் பாதை விட்டிருந்தார்கள். ஓர் எஃகுத் தொழிலாளியால் இதை வாங்க முடியும் என்று துணை ஜனாதிபதி நிக்சன் சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் வாதாடிய சமையலறை அந்த வீட்டினுடையதுதான்.

ஒரே மாதிரி வீட்டில் தன் வீடு

‘எல்லாம் ஒரே அச்சு’ என்ற குறை முதலிலிருந்தே இருந்தது. பில்டர்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். உள்ளே தரைத்திட்டம் ஒன்றுதான். வெளியே கூரைச் சாய்வு, ஜன்னல் அமைப்பு, வண்ணம் மாறும். 1949 லெவிட் வீட்டுக்கு இப்படி ஐந்து முகங்கள். கார் நிறுவனங்களைப் போல ஆண்டுக்கு ஒரு மாடல் என்றும் அறிவித்தார்கள். அடுத்து பென்சில்வேனியாவில் எழுந்த லெவிட்டவுனில் (1952 முதல்) ரகங்களுக்கே பெயர் வைத்தார்கள்: எளிய வீடு ‘ரான்ச்சர்’, நடுத்தரம் ‘லெவிட்டவுனர்’, வசதியானது ‘கன்ட்ரி கிளப்பர்’. எந்தப் பெயருள்ள வீடு என்றாலே யார் எந்தப் படியில் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அந்தப் பகுதிக்கு ஆள் வரக் காரணம் அருகே யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் கட்டிய பெரிய உருக்காலை.

கூரைக்கடியில் ஒரு மாடியை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டதை நான் மிகவும் மெச்சுகிறேன். லெவிட்டவுனின் முதல் வீடுகள் 750 சதுர அடிதான், இரண்டு படுக்கையறை. மேலே வெறும் மாடி. குழந்தை பிறந்தால் நீங்களே தடுத்து அறையாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. விலையும் குறைந்தது, வருங்காலத்துக்கு இடமும் இருந்தது. இன்று அங்கே போனால் தொடக்க வடிவில் நிற்கும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவுக்கு மக்கள் நீட்டியும் உயர்த்தியும் கட்டியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று பயந்த விமர்சகர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

வீட்டைத் தாண்டி, ஊரை விற்கும் கட்டம் அடுத்தது. நீச்சல் குளங்கள், விளையாட்டுத் திடல்கள், பள்ளிக்கு ஒதுக்கிய இடம் எல்லாம் விளம்பரத்தில் பட்டியலாக வந்தன. லேக்வுட்டில் ஊரின் நடுவே பெரிய கடைவளாகம். அதில் 10,000 கார் நிறுத்தலாம் என்பதே பெருமையாகச் சொல்லப்பட்டது. சிகாகோவுக்குத் தெற்கே பார்க் ஃபாரஸ்ட் இன்னும் நுட்பமாகப் போனது. 1948இல் அது வாடகை வீடுகளோடு தொடங்கியபோது விளம்பரம் இடவசதியையும் வாடகையையும் பேசியது. 1950களின் தொடக்கத்துக்குள் பேச்சு மாறிவிட்டது: நீங்கள் இங்கே சேர்ந்தவர், வந்த அன்றே உங்களை வரவேற்பார்கள், பெருநகரத்தில் தனியாகக் கிடக்க வேண்டாம், உங்களை விரும்பும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருந்த இளம் குடும்பங்களுக்கு அந்தச் சொற்கள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அங்கே குடிபோனவர்கள் வந்த சில நாளிலேயே அக்கம்பக்கத்தோடு பழகினார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைத்துக்கொண்டார்கள். விளம்பரம் பொய் சொல்லவில்லை.

யாருக்கு விற்கவில்லை

ஆனால் ‘நீங்கள் இங்கே சேர்ந்தவர்’ என்று எல்லாருக்கும் சொல்லவில்லை. இதை ஓரத்துக் குறிப்பாக எழுதுவது நியாயமாகாது. விற்ற பொருளிலேயே இது அடங்கியிருந்தது.

லெவிட்டவுனின் தொடக்க கால வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு என்று ஒரு பிரிவு இருந்தது. பில்டரின் சொந்த வெறுப்பு என்று மட்டும் இதைச் சொல்ல முடியாது. கடனுக்கு உறுதி தந்த கூட்டாட்சி நிர்வாகமே அப்படிப்பட்ட நிபந்தனைகளைத் தன் கையேட்டில் பரிந்துரைத்தது; கறுப்பினத்தவர் குடிவந்தால் வீட்டு மதிப்பு விழும் என்பது அதன் கணக்கு. 1948இல் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவு நீங்கியது, வழக்கம் நீங்கவில்லை. போரில் பங்கெடுத்த கறுப்பினப் படைவீரர் விற்பனை அலுவலகத்துக்கு வந்தால் மறுத்து அனுப்பினார்கள். மாதம் 58 டாலர் கட்டும் வருமானம் அவரிடம் இருந்தும் பயனில்லை.

1957 ஆகஸ்டில் பில் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதி பென்சில்வேனிய லெவிட்டவுனில் ஏற்கெனவே குடியிருந்தவரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனார்கள். அங்கே வந்த முதல் கறுப்பினக் குடும்பம் அது. இரவுதோறும் கூட்டம் கூடியது, கல்லெறிந்தார்கள், மாநிலக் காவலர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பம் அசையவில்லை.

எல்லாருக்கும் விற்றால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது பில்டர்களின் வாதம். அது உண்மையில்லை என்று சில பில்டர்களே காட்டினார்கள். கலிஃபோர்னியாவில் கண்ணாடிச் சுவர்களும் நடுமுற்றமும் கொண்ட வீடுகளைக் கட்டிய ஜோசஃப் ஐக்லர் கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் விற்றார். பில்டர்களின் தேசியச் சங்கம் பாகுபாட்டை எதிர்க்க மறுத்ததால் 1958இல் அதிலிருந்து விலகினார். ஃபிலடெல்ஃபியா அருகே மாரிஸ் மில்கிரம் 1954இல் கான்கார்ட் பார்க் என்ற குடியிருப்பை இரு இனத்தவரும் சேர்ந்து வாழ்வதற்கென்றே கட்டி விற்றார். சிறிய முயற்சிதான், 139 வீடுகள். இருந்தாலும் விற்றன.

மூன்றாவது லெவிட்டவுன் நியூஜெர்சியில், வில்லிங்பரோவில் 1958இல் திறந்தபோதும் கறுப்பினத்தவருக்கு விற்கப்போவதில்லை என்றே லெவிட் அறிவித்தார். மறுக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பொது உதவி பெற்ற வீடுகளில் பாகுபாடு கூடாது என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. கூட்டாட்சி நிர்வாகத்தின் கடன் உறுதியும் பொது உதவியே என்று 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணமில்லாத வீடு, முப்பது ஆண்டுத் தவணை, பெரிய எழுத்தில் அச்சான மாதத் தொகை என எல்லாவற்றையும் சாத்தியமாக்கிய அதே அரசு உறுதியை வைத்தே வழக்கில் வென்றார்கள். வில்லிங்பரோவில் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கத் தொடங்கின.

நாடு முழுவதற்குமான நியாய வீட்டுச் சட்டம் 1968இல் வந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டை அது தடுத்தது. இன்னாருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்வதையும் தனிப் பிரிவில் தடுத்தது. அதற்குள் முதல் லெவிட்டவுன் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. 7,990 டாலருக்கு வாங்கிய வீடுகளின் மதிப்பு அதற்குள் நன்றாக ஏறியிருந்தது. அந்த மதிப்பு வாங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் போனது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் லாங் ஐலண்ட் லெவிட்டவுனில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள்.